கண்டார் இல்லாக் காலம்

பூமிசாஸ்திரம் கற்பிக்கும் வகுப்புக்களில் மாணாக்கர் கேட்கும் வினாக்களுள் ஒன்று எளியதுபோலத் தோன்றி மிக ஆழமாய் நிற்பது. இந்நிலம் முன்னொரு காலத்திற் கடலாயிருந்தது என்று ஆசிரியர் சொல்லும்போது, "அதைக் கண்டவர் யார்?" என்று கேட்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று இருக்கும். அப்பிள்ளைக்கு நம்மிற் பலர் கொடுக்கும் விடை இரண்டே. வாய்மூடி இரு என்பது ஒன்று. புத்தகத்திற் சொல்லியிருக்கின்றது என்பது மற்றொன்று. முன்னையது விடையன்று. பின்னையது விடைபோலத் தோன்றினும், அதனினும் கேடு விளைப்பது. கருதி அறியவேண்டிய ஒன்றைக் கேட்டு நம்பவேண்டிய ஒன்றாக மாற்றிவிடுகின்றது.

மனிதர் ஒருவரும் தோன்றாத காலத்தில் நிகழ்ந்ததை நிகழ்ந்தது என்று துணிந்து சொல்ல நமக்கு உரிமை உண்டா? உண்டெனின், அவ்வுரிமை எதனால் வந்தது? அவ்வாறு சொல்லும் ஆசிரியன் மாணாக்கனுக்குப் பட்டிருக்கும் கடன் யாது? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

அறிவு வரும் வாயில் காண்டல், கருதல், உரை என மூன்றென்பதும், ஏனைய அளவைகள் இம்மூன்றனுள் அடங்கும் என்பதும் நம் ஆசிரியர்கள் அறிந்தனவே. பாறையும் பாறையினுட் கிடக்கும் எச்சமும் காட்சிக்குரியன. அவற்றால் அறியப்படும் பழங்காலம் கருதலுக்குரியது. மணிமேகலையிற் சமயக்கணக்கர் திறங்கேட்ட காதையில் அளவைவாதி கருத்தளவையைப் பொது, எச்சம், முதல் எனப் பகுக்கின்றான். ஆற்றில் வரும் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று துணிதல் எச்சம். பெய்த மழையை நாம் கண்டிலேம். அது பெய்து முடிந்தும் போயிற்று. ஆயினும் அதனை ஐயுறுவார் இல்லை. உயிர்ச்சுவடு என்று இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் பொருளைத் தமிழகத்தார் தொல்லுயிர் எச்சம் என்பர். அப்பெயரிட்டவர் மணிமேகலையை நினைந்து இட்டாரோ, இலரோ. பெயர் பொருந்தியது நன்று.

இவ்வெச்சத்தைக் கொண்டு காலங் கருதும் முறையை ஒழுங்குபட வகுத்தவர் டென்மார்க்குத் தேசத்தவராகிய நிக்கலாஸ் ஸ்ரெனோ என்பவர். 1666ஆம் ஆண்டில் இத்தாலிக் கரையிற் பிடிபட்ட ஒரு பெருஞ்சுறாவின் தலை புளோரன்சு நகருக்கு அனுப்பப்பட, அதனை அறுத்துச் சோதிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. அக்காலத்தில் மலைப்பாறைகளில் அகப்படும் முக்கோணக் கற்கள் சிலவற்றை நாக்குக்கல் என்று வழங்கினர். பாம்பின் நாக்குக் கல்லாயிற்று என்பாரும் வானத்திலிருந்து வீழ்ந்தது என்பாரும் இருந்தனர். ஸ்ரெனோ சுறாவின் பல்லையும் நாக்குக்கல்லையும் அருகருகே வைத்து நோக்கினார், இரண்டும் ஒன்றாயிருந்தன. பல்லாயின் அது மலைப்பாறைக்குள் எவ்வாறு புகுந்தது? பாறை ஒருகாலத்திற் கடலடிச் சேறாயிருந்திருந்தாலன்றி அது கூடாது. 1669இல் வெளியிட்ட நூலில், அடுக்கடுக்காய்க் கிடக்கும் பாறைகளுள் அடியிலுள்ளது முன் படிந்தது என்றும், படியும்போது அவை கிடையாகவே படிந்தன என்றும், சரிந்தும் மடிந்தும் கிடப்பனவாயின் படிந்தபின் குலைக்கப்பட்டன என்றும் அவர் எழுதினார். பந்திக்கு அடுக்கிவைத்த வாழையிலைகளுள் அடியிலையே முன் வைக்கப்பட்டது என்று அறியாத பிள்ளை இல்லை, அவ்வறிவே இஃது. இந்நூலுடையார் பின்னர்த் துறவு பூண்டு 1677இற் கத்தோலிக்க மேற்றிராணியாரும் ஆயினார் என்பதை, கல்லை ஆராய்வோர் கடவுளை இகழ்வோர் என்று எண்ணுவார் அறிந்துகொள்ளல் வேண்டும்.

இனி நம் காலடிக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணை அகழ்ந்து கிணறு வெட்டுவோர் சில முழத்தில் வெண்கல்லை முட்டுகின்றனர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு 1990 வரை அகழப்பட்டது இக்கல்லே. நிலாவரைக் கிணற்றின் ஆழமும் இக்கல்லை நீர் கரைத்ததனால் ஆயது. வேலண்டு, மோர்லி டேவிசு என்னும் இருவர் 1923இல் இதனை ஆராய்ந்து எழுதினர். மயோசீன் என்று பெயரிடப்பட்ட காலத்தது இது. அக்காலம் இற்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் வருடங்களின்முன் தொடங்கி, 53 இலட்சம் வருடங்களின்முன் முடிந்தது. கண்ணாடி கொண்டு நோக்கினால் இக்கல்லிற் சிப்பியும் பவளமும், மணற்பருமனேயுள்ள கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகளும் செறிந்திருத்தல் காணலாம். ஓடுகள் கல்லிற் கலந்தன என்பதினும், ஓடுகளே பெரும்பாலுங் கல்லாயின என்பது பொருந்தும்.

இவ்விடத்திற் சிறிது தாழ்த்து நிற்றல் நன்று. நல்ல ஏதுவும் போலி ஏதுவும் பிரிவது இங்கேயாகும். முற்றத்திற் கிடக்கும் ஒரு சிப்பியைக் காட்டி இவ்விடம் கடலாயிருந்தது என்று ஒருவர் சொல்வாராயின், அஃது ஏதுப்போலி. உண்டு எறிந்தார் எறிந்திருக்கலாம். சுண்ணாம்பு சுட்டார் சிந்தியிருக்கலாம். குழந்தைகள் கடற்கரையிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். கடற்கரையில் ஒதுங்கிய பவளத்துண்டும் அத்தகையதே. அது நேற்று இறந்த பவளமாகவும் இருக்கும். ஆனால் உடைத்த கல்லின் உள்ளே, கல்லோடு கல்லாய் இறுகிய ஓட்டை யார் கொண்டுவந்து வைத்தார்? ஒரு பெருவெள்ளம் வாரியெறிந்தது என்பார்க்கும் விடை உண்டு. வெள்ளம் வாரியெறிந்தன ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும். இங்கேயோ பல பத்து மீற்றர் தடிப்புக்கு ஓட்டின்மேல் ஓடாகப் படிந்திருக்கின்றது. நுண்ணுயிர் பிறந்து, வாழ்ந்து, இறந்து, அடியிற் படிந்து, அதன்மேல் அடுத்த தலைமுறை படிந்து இவ்வளவு தடித்தமைக்கு வெதுவெதுப்பான ஆழங்குறைந்த கடலும், நெடுங்காலமுமே காரணமாகப் பொருந்தும். ஏனைக் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதைக் கொள்ளுதலே கருதலின் நெறி. நம் பிள்ளைக்குக் காட்டவேண்டியது இந்நீக்கமே; முடிபு தானே வரும்.

காலம் எவ்வளவு நெடிது என்பதைக் கல் தன் கிடையினாலேயே காட்டும் இடங்களும் உள. ஸ்கொட்லாந்தின் கீழ்கரையிற் சிக்கார் முனை என்னும் இடத்துக்கு 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹற்றன் என்பவர் இருவரோடு படகிற் சென்றார். அங்கே ஒரு பாறைக்குலம் புத்தக அலுமாரியில் நூல்கள் நிற்பதுபோலச் செங்குத்தாய் நிற்க, அதன் தலைகளின்மேற் செம்மணற்பாறை சற்றே சரிந்து படுத்திருந்தது. ஸ்ரெனோவின் விதியை நினைந்து இதனைப் படிப்போம். கீழ்ப்பாறை முதலிற் கடலடியிற் கிடையாய்ப் படிந்தது, இறுகிக் கல்லாயிற்று, நெருக்குண்டு நிமிர்ந்தது, கடலின்மேல் எழுந்தது, மழையுங் காற்றும் அதன் தலையைத் தேய்த்தன, தேய்ந்த தளத்தின்மேற் செம்மணல் படிந்தது, அதுவும் கல்லாயிற்று, பின்னர் இரண்டும் ஒருங்கே சரிந்தன. இத்துணை நிகழ்ச்சிகளுள் ஒன்றையேனும் விலக்கிக் கதையை முடிக்க இயலாது. கீழ்ப்பாறை ஏறக்குறைய 43 கோடியே 50 இலட்சம் வருடத்தது என்றும், மேற்பாறை 37 கோடி வருடத்தது என்றும் இன்று அறிகின்றோம். இரண்டும் தொடும் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தால், விரலின் கீழே ஆறரைக் கோடி வருடம் கிடக்கின்றது. ஹற்றன் காலத்தில் இவ்வெண் இல்லை. ஆயினும் காலம் அளவிறந்தது என்னும் துணிபு அவர்க்கு அங்கேயே பிறந்தது.

ஒவ்வொரு படைக்கும் அதற்கே உரிய எச்சங்கள் உண்டென்றும், அவற்றால் ஓரூர்ப் படையை வேற்றூர்ப் படையோடு ஒப்பிட்டு இனங்காணலாம் என்றும் கண்டவர் இங்கிலாந்திற் கால்வாய் வெட்ட நிலம் அளந்த வில்லியம் சிமித். கொல்லன் மகனாகிய இவர் 1815இல் வெளியிட்ட தேசப்படம் புகழ்பெற்றது. 1819இற் கடனாற் சிறையிருந்தார் என்பதும் உண்மை.

நம் தேசத்திலும் இவ்வகைச் சான்றுகள் பலவுள. புத்தளத்தை அடுத்த தப்போவவில் யுராசிக் காலத்து இலைகள் கல்லிற் பதிந்து கிடக்கின்றன. இரத்தினபுரியில் மணிக்கல் தேடி அகழ்ந்த குழிகளிலிருந்து நீர்யானையும் காண்டாமிருகமும் இத்தீவில் வாழ்ந்தமைக்குச் சான்றாய என்பும் பல்லும் வந்தன. அவற்றைத் தெரணியகல என்னும் பேரறிஞர் ஆராய்ந்து பெயரிட்டார். தேவாரம் பெற்ற திருவக்கரையின் பக்கத்தில் மரங்களே கல்லாய்க் கிடக்கின்றன. மண்ணினுட் புதைந்த மரத்தில் நீர் ஊறி, நீரிற் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாய்த் தங்கி, மரம் போக வடிவம் எஞ்சியது. தலயாத்திரை செல்லும் ஆசிரியர் அங்கே ஒரு நாழிகை தங்குவாராயின், பல பாடங்களுக்குப் போதிய பொருள் பெறுவர்.

இவையெல்லாம் கூறியபின்னும், "யாருங் கண்டிலரே, எப்படி நம்புவது?" என்று சமயப் பற்றுடையார் சிலர் சொல்லக் கேட்கின்றோம். அவர்க்கு யாம் சொல்வது கடுமையாயிருப்பினும் சொல்லியே தீரல் வேண்டும். காட்சி ஒன்றே அளவை என்றவன் உலோகாயதன். சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் முதற்கண் மறுக்கப்படுபவன் அவனே. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமோ, உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது ஆதலின், அதனைச் செய்வான் ஒரு முதல்வன் உளன் என்று காரியத்தினின்று காரணத்தைக் கருதிக் காட்டுவது. முதல்வனைக் கண்ணாற் கண்டு சொன்னதன்று. கருதல் என்னும் அவ்வேணியில் ஏறிச் சித்தாந்தம் நிறுவியபின், அதே ஏணியிற் கல்லாராய்ச்சிக்காரர் ஏறும்போது ஏணியே பொய் என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? சைவ பாட வேளையில் ஒன்றும் விஞ்ஞான பாட வேளையில் மற்றொன்றுமாக நாம் பேசினால், பிள்ளை அதனைக் கவனியாதிருப்பதில்லை. இரண்டில் ஒன்று பொய் என்று அது கொள்ளும். அன்றி இரண்டும் பரீட்சைக்காகச் சொல்லப்படுவன என்று கொள்ளும். பின்னையது முன்னையதினும் கொடிது.

கருதல் தவறுவதில்லையோ எனின், தவறும். ஒரு பெருந்தவற்றின் வரலாறு நம் ஆசிரியர்கள் அறியத்தக்கது. கெல்வின் பிரபு பௌதிகத்தில் அவர்காலத்துத் தலைசிறந்தவர். உருகிய நிலையிலிருந்து பூமி இன்றைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் செல்லும் என்று கணித்து, 1862இல், 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்ட வருடங்கள் என்றார். 1897இல் அதனைக் குறுக்கி, 2 கோடி முதல் 4 கோடி வரை என்றார். பாறைப்படைகளின் தடிப்பை அறிந்தோர்க்கு இக்காலம் போதாதென்று தோன்றிற்று. ஆனாலும் கணிதத்துக்கு அஞ்சி வாளாவிருந்தனர் பலர். கணிதத்திற் பிழை இல்லை. பூமியின் உட்புறம் அசையாத திண்பொருள், உள்ளே புதிதாக வெப்பம் பிறப்பதில்லை என்று வைத்துக்கொண்ட இரண்டிலுமே பிழை. உட்புறத்தில் அசைவு இருப்பின் கணக்கு முற்றும் மாறும் என்று 1895இல் எடுத்துக் காட்டியவர், முன்னர் அவரிடமே உதவியாளராயிருந்த ஜோன் பெரி. ஆசானை இகழாது, ஆசான் வைத்த பிரதிஞ்ஞையை மாத்திரம் திருத்திய அம்முறை போற்றத்தக்கது. அடுத்த ஆண்டிற் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். பூமிக்குள் வெப்பம் பிறக்கின்றது என்பது அதன்வழி வெளிப்பட்டது. ஒரு கருதல் வீழ்ந்தது உண்மை. அதனை வீழ்த்தியதும் கருதலே. அச்சமோ அதிகாரமோ அன்று.

அக்கதிரியக்கமே பின் கடிகாரமாயிற்று. சிர்க்கோன் என்னும் மணி உருகிய பாறையிற் படிகமாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும்; ஈயத்தை ஏற்காது. ஆகவே பின்னர் அதனுட் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து பிறந்ததே. யுரேனியத்தின் முதன்மையான வகையிற் பாதி சிதைய ஏறக்குறைய 447 கோடி வருடம் செல்லும். இரண்டின் விகிதத்தையும் அளந்தால் மணியின் வயது தெரியும். மாத்தறை வைரம் என்று நம் தேசத்தார் வழங்கும் நிறமற்ற கல் சிர்க்கோனே. 56 கோடி வருட வயதுள்ள இலங்கைச் சிர்க்கோன்கள் சில, பிறநாட்டு ஆய்வுசாலைகளிற் கருவிகளைச் சரிபார்க்கும் ஒப்பளவுக் கற்களாக வழங்குவதை அறிவார் நம்மவருட் சிலரே. ஈயத்தையே கொண்டு, விண்கற்களையும் சேர்த்து ஆராய்ந்து, பூமியின் வயது 455 கோடி வருடம் என்று 1956இல் வெளியிட்டவர் கிளேர் பற்றர்சன். இன்று 454 கோடி என்பர்.

இங்கேதான் நம்மவர்க்கு ஒரு பெருஞ்சோதனை வந்து சேர்கின்றது. பிரமனது பகலாகிய கற்பம் 432 கோடி வருடம் என்பது புராணக் கணக்கு. 432, 454 என்னும் இரண்டெண்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, "மேல்நாட்டார் இப்பொழுது கண்டதை நம் முன்னோர் அன்றே சொன்னார்" என்று மார்தட்டுதல் மிக இனியது. பிள்ளைகள் கைகொட்டுவர். கூட்டங்களில் இதற்குக் கிடைக்கும் ஆரவாரம் சொல்லுந்தரத்ததன்று. ஆயினும் இது நேர்மையன்று என்பதே எம் துணிபு.

முதலாவது, ஒப்பிடும் இரண்டும் ஒரு பொருளின் அளவல்ல. 432 கோடி என்பது கற்பத்தின் முழு நீளம், சென்ற காலமன்று. கிரியைகளில் நாடோறுஞ் செய்யும் சங்கற்பத்தை உற்றுக் கேட்பின், நாம் நிற்பது சுவேதவராக கற்பத்தில் ஏழாவதாகிய வைவசுவத மன்வந்தரத்து இருபத்தெட்டாஞ் சதுர்யுகத்துக் கலியில் என்பது விளங்கும். அக்கணக்கின்படி இக்கற்பத்திற் சென்றது ஏறக்குறைய 197 கோடி வருடமே. ஆகவே மார்தட்டுவோர் கல்லை மாத்திரமன்றித் தம் சங்கற்பத்தையும் படித்திலர்.

இரண்டாவது, வந்த வழி வேறு. புராண எண் உரையால் வந்தது. கல்லின் எண் அளந்து கருதி வந்தது. முடிபு அண்மையிலிருத்தலால் வழி ஒன்றாகாது.

மூன்றாவதே யாம் பெரிதென மதிப்பது. 1897ஆம் ஆண்டில் ஒரு சைவாசிரியர் இதே வழக்கத்தை மேற்கொண்டிருந்தால் அவர் கதி யாதாயிருக்கும்? அன்று பௌதிகம் சொன்னது 2 முதல் 4 கோடி. கற்பமோ அதற்கு நூறுமடங்குக்கு மேல். அன்று புராணம் பொய்த்தது என்று கரும்பலகையில் எழுதியிருப்பாரா? எழுதியிரார். அன்று ஒவ்வாமையைச் சான்றாகக் கொள்ளாதவர் இன்று ஒப்புமையைச் சான்றாகக் கொள்ள உரிமையிலர். ஒத்தால் நமது வெற்றி, ஒவ்வாவிடில் அவரது அறியாமை என்னும் துலாக்கோலிற் பொன் நிறுக்கும் வணிகனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? சமயத்துக்கு இரவல் மதிப்புத் தேடுவது, அதற்குத் தன் மதிப்பு இல்லை என்று நாமே ஒப்புவதாகும். காலத்தின் பெருமையைக் காட்டி மனிதன் செருக்கை அடக்குதல் கற்பக் கணக்கின் பயன்களுள் ஒன்று என்று யாம் கருதுகின்றோம். அதற்குக் கல்லின் துணை வேண்டுவதில்லை. கல்லும் தன்பங்குக்கு எப்பொழுது, எம்முறையில் என்பவற்றைச் சொல்லுமேயன்றி, எதன்பொருட்டு என்பதைச் சொல்லப் புகுவதில்லை.

ஆயின் வகுப்பறையிற் செய்யத்தக்கது யாது? எண்ணை முதலிற் சொல்லாதிருத்தல். பரீட்சைக்கு எண் வேண்டும் என்பது மெய்; அதனைக் கடைசியிற் சொல்லின் குறைவில்லை. முதலிற் கல்லைக் கையிற் கொடுத்து, அது எவ்வாறு உண்டாயிருக்கலாம் என்று பிள்ளைகளையே சொல்லவிடுதல் வேண்டும். ஒருவன் வெள்ளம் என்பான். ஒருவன் மனிதர் போட்டது என்பான். ஒவ்வொன்றையும் எடுத்து, இஃது உண்மையாயின் வேறு என்ன காணப்படவேண்டும் என்று வினாவி, காணப்படாதபோது அவனே கைவிடும்படி செய்தல் வேண்டும். கல்லைப் பொடித்துத் தேசிக்காய்ப்புளியைத் துளித்தால் நுரைக்கும். சிப்பியைப் பொடித்துத் துளித்தாலும் அவ்வாறே நுரைக்கும். மணலிற் பலவகை நுரைப்பதில்லை. இச்சிறு சோதனையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். ஒரு கைக்கண்ணாடியும் ஒரு சுத்தியலும் இருந்தாற் போதும். கல்லுக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. பழைய கிணற்றடிகள் பலவற்றில், வெட்டும்போது மேலே போட்ட வெண்கல் இன்னும் குவிந்தபடியே கிடக்கின்றது.